ஸர் ஸ்டான்லி ஹூக்கர்

யுத்த சரித்திரம் எழுதுவோர் விமானிகளை வாயாரப் புகழ்வர். விமானத்தை அமைத்தோரையும் ஓரளவு நினைவு கூர்வர். ஆனால் அவ்விமானத்தின் இஞ்சினுக்குக் காற்றூட்டிய ஒரு சிறு சக்கரத்தைப் பற்றி மேசையருகே அமர்ந்து கணக்கிட்டவரைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். அவ்வாறு கணக்கிட்டவர் ஸ்டான்லி ஜார்ஜ் ஹூக்கர் என்பார். கணிதமே அவர் கற்ற கல்வி. இஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பழகாத அவர், இஞ்சின் உலகில் முதல்வராய் விளங்கினார் என்பது வியப்புக்குரியதே. அன்றியும், பிற்காலத்தில் நம் பாரத நாட்டு ஆகாயப்படையின் விமானங்கள் பலவும் அவர் அமைத்த இஞ்சின்களைக் கொண்டே பறந்தன. அதனால் அவரை நமக்கு முற்றும் அயலார் என்று கூறுதலும் பொருந்தாது.

ஹூக்கர் 1907ஆம் ஆண்டு ஸெப்டெம்பர் மாதம் 30ஆம் தேதி, இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஷீர்னஸ் என்னும் துறைமுக ஊரிற் பிறந்தார். போர்டன் கிராமர் பள்ளியிற் பயின்றபின், உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் கற்றார். நீரும் காற்றும் ஓடும் இயல்பை ஆராயும் கணிதப் பிரிவிலேயே அவர் மனம் ஊன்றி நின்றது. பின்பு ஆக்ஸ்போர்டு சென்று, பிரேஸ்னோஸ் கல்லூரியில் ஆராய்ச்சி செய்து, 1935இல் டாக்டர் பட்டம் அடைந்தார். சிறிது காலம் கடற்படை இலாகாவின் ஆராய்ச்சித் துறையில் உத்தியோகம் பார்த்தார். 1938 ஜனவரியில் டெர்பி நகரிலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையிற் சேர்ந்தார்.

அத்தொழிற்சாலையின் தலைமையில் இருந்தவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். பட்டறையிலேயே வளர்ந்து உயர்ந்தவர். மனிதரை எடைபோடுவதில் வல்லவர். ஹூக்கர் அவரைக் காணச் சென்றபோது, அவருடைய கல்வித் தகுதிகளைக் கேட்டறிந்த ஹைவ்ஸ், நீர் அப்படியொன்றும் பெரிய இஞ்சினீயர் அல்லவே என்று விளையாட்டாகச் சொன்னாராம். ஹூக்கர் அதனை மறக்கவே இல்லை. தம் முதுமையில் எழுதிய சுயசரிதத்துக்கு அதனையே பெயராகச் சூட்டினார். உத்தியோகம் கொடுத்தார்களே அன்றி, இன்ன வேலையைச் செய் என்று அவருக்கு எவரும் பணிக்கவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் அறைதோறும் சென்று பார்த்துவந்த அவருடைய கையில் ஒரு நாள் சில சோதனைக் குறிப்புகள் அகப்பட்டன. அவை மெர்லின் இஞ்சினின் ஸூப்பர்சார்ஜர் என்னும் கருவியைப் பற்றியவை. அன்று முதல் அவர் தொழில் இன்னதென்பது தானே தீர்ந்துவிட்டது.

அக்கருவியின் தன்மையைச் சற்று விரித்துரைத்தாலன்றி இனி வரும் வரலாறு விளங்காது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையின் ஓரமாய் உள்ள செம்மங்குப்பத்து வயல்வெளியில் நின்று மூச்சை இழுப்போமாயின், கடல்மட்டத்துக் காற்று அதன் முழு அடர்த்தியோடு நம் மார்பை நிரப்புகிறது. 7,000 அடிக்கும் மேல் உயர்ந்த உதகமண்டலத்துக்குப் போனால் அக்காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மேடேறும்போது நமக்கு இளைப்பு உண்டாவது அதனாலேயே. 20,000 அடி உயரத்தில் அடர்த்தி சற்றேறக்குறையப் பாதியாகிறது. 30,000 அடியில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிது கடந்த அளவே எஞ்சுகிறது. இஞ்சினும் மூச்சு விடும் பிராணியைப் போன்றதே. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமாயினும் பாய்ச்சலாம்; அதனை எரிப்பதற்குரிய காற்று இல்லையெனில் என் செய்வது? மெர்லின் இஞ்சினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர்கள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சிழுக்கும் கணக்கின்படி, ஒரு நிமிஷத்தில் அது 40,500 லிட்டர் கலவையை விழுங்கவேண்டும். உயரத்திலும் அதே கொள்ளளவைத்தான் அது விழுங்குகிறது. ஆனால் அதனுள் இருக்கும் காற்றின் நிறை மிகக் குறைவு. ஆகவே வலிமையும் குன்றுகிறது.

கொல்லன் உலையில் தீ மந்தமானால் துருத்தியை ஊதுகிறான். ஸூப்பர்சார்ஜரும் ஒரு துருத்தியே. இஞ்சினின் பின்புறத்தில், சிறகுகள் போன்ற தகடுகள் பொருந்திய சக்கரம் ஒன்று மிக விரைவாகச் சுழன்று, காற்றை இழுத்து அமுக்கிச் சிலிண்டர்களுக்குள் செலுத்துகிறது. இச்சக்கரத்தைச் சுழற்றுவதும் அவ்விஞ்சினே. இடையே பற்சக்கரங்களை வைத்து அதன் வேகத்தைப் பன்மடங்காகப் பெருக்குகிறார்கள். மெர்லின் 45 என்னும் வகையில் அப்பெருக்கம் 9.09 மடங்கு. அதாவது இஞ்சின் 3,000 சுற்றுச் சுழன்றால் துருத்திச் சக்கரம் 27,270 சுற்றுச் சுழலும். வினாடிக்கு 450 சுற்றுக்கு மேல்!

அப்படியாயின் இன்னும் பெரிய பற்சக்கரத்தை வைத்து இன்னும் வேகமாகச் சுழற்றினால் என்ன என்று மாணவர் வினவலாம். தொல்லை அங்கேதான் இருக்கிறது. துருத்தி தரும் அழுத்தம் சக்கர வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. உயரத்துக்கென்று அளவிட்டு வேகமாகச் சுழலவிட்ட சக்கரம், தரைக்கு அருகே அடர்ந்த காற்றை அளவுக்கு மிஞ்சி அமுக்கிவிடும். இஞ்சின் அதைத் தாங்காது. ஆகையால் தாழ்வில் பறக்குங்கால் காற்று புகும் கதவைப் பாதி மூடிவைக்க வேண்டியதாகிறது. ஊதிய காற்றைத் தானே தடுப்பது எத்துணை வீண்! சக்கரத்தைச் சுழற்றவோ நூறு குதிரைச் சக்திக்கும் மேலாக இஞ்சினிலிருந்தே செலவாகிறது. அன்றியும், அமுக்கிய காற்று சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் அறிவோம். சூடேறிய கலவை சிலிண்டருக்குள் உரிய தருணத்துக்கு முன்னே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும். எனவே ஒவ்வோர் இஞ்சினுக்கும் ஒரு குறித்த உயரம் உண்டு. அதுவரையில் ஏற ஏற மூடிய கதவைத் திறந்துகொண்டே போகலாம்; கதவு முழுதும் திறந்தபின், அதற்கு மேல் வலிமை இறங்குமுகமே. பற்சக்கரத்தின் பெருக்கத்தை மாற்றினால் அவ்வுயரம் மாறும். ஓரிடத்தில் பெறும் ஆதாயத்துக்கு மற்றோரிடத்தில் விலை கொடுத்தே தீரவேண்டும்.

ஹூக்கர் முதலில் கவனித்தது பற்சக்கரத்தை அன்று. சக்கரத்தினுள் காற்று ஓடும் வழியையே கவனித்தார். தாம் கற்ற கணிதத்தைக் கொண்டு அளந்தபோது, புகுவாயிலின் வளைவிலும், சக்கரத்தை விட்டு வெளிப்படும் காற்றை மெல்ல அடங்கச் செய்யும் தகடுகளிலும் வலிமை வீணாவதைக் கண்டார். அவற்றைத் திருத்தியமைக்கவே, இஞ்சினின் உடலில் வேறெதையும் தொடாமல், முழுவலிமை நிற்கும் உயரம் சுமார் 16,000 அடியிலிருந்து 19,000 அடியாக ஏறியது. பட்டறையில் நெடுநாள் உழைத்த பெரியோர் காகிதத்தில் கணக்கெழுதும் இளைஞனைப் பொறாமையோடு நோக்காமல், அப்பகுதியின் பொறுப்பையே அவரிடம் ஒப்புவித்தார்கள். இஃது அத்தொழிற்சாலைக்குப் பெருமை தருவதாகும். தரையில் செய்த சில சோதனைகளிலிருந்தே, எவ்வுயரத்தில் எத்தனை சுற்று வேகத்தில் எவ்வளவு குதிரைச் சக்தி கிடைக்கும் என்று முன்னரே கணித்துச் சொல்லும் முறையையும் அவரும் உடனுழைத்தோரும் வகுத்தார்கள்.

இக்காலத்திலேயே இரட்டை வேகப் பற்சக்கரமும் வழக்குக்கு வந்தது. மெர்லின் 20 என்னும் வகையில் 8.15 மடங்கு, 9.49 மடங்கு என இரண்டு பெருக்கங்கள். தாழ்வில் ஒன்று, உயரத்தில் மற்றொன்று. மாட்டுக்குப் பள்ளத்தில் ஒரு நடை, மேட்டில் ஒரு நடை என்பதுபோல. ஹரிக்கேன் விமானத்தின் இரண்டாம் வகை இதனைத் தாங்கிப் பறந்தது. பகைவராகிய ஜெர்மானியர் வேறொரு வழியை மேற்கொண்டனர். அவர்களுடைய டைம்லர்-பென்ஸ் இஞ்சினில் துருத்தியை எண்ணெயின் வழியாகச் சுழற்றி, உயரத்துக்குத் தக்கபடி வேகம் சிறிது சிறிதாகத் தானே மாறுமாறு செய்திருந்தனர். அமெரிக்கரோ, தண்டர்போல்ட் விமானத்தில், இஞ்சின் வெளிவிடும் புகையைக் கொண்டே துருத்தியைச் சுழற்றினர். மூன்றும் அறிவுடையார் கண்ட வழிகளே.

இங்கே நம் மாகாணத்துச் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவை உள்ளடக்கியிருந்த சென்னை மாகாணத்தின் பெயரை, யுத்த நிதிக்கு அம்மாகாணம் அளித்த பொருளை முன்னிட்டு, பிரிட்டிஷ் ஆகாயப்படையின் 79, 234, 264ஆம் எண்ணுள்ள அணிகளுக்கு இட்டு வழங்கினர். அம்மூன்று அணிகளும் வெவ்வேறு காலத்தில் மெர்லின் இஞ்சினைக் கொண்டு போரிட்டவை. 79ஆவது அணி 1942இல் இந்தியாவுக்கே வந்து, ஹரிக்கேன்களோடு பர்மா எல்லையிற் போரிட்டது. 1944இல் தண்டர்போல்ட் விமானங்களைப் பெற்றது. ஆகவே ஹூக்கரின் கணக்குகள் வங்காளக் குடாவின் கரையிலும் சோதிக்கப்பட்டன எனலாம்.

நிற்க. 1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் தேசத்தின் வானத்தில் ஒரு புதிய ஜெர்மன் விமானம் தோன்றியது. போக்க-வுல்ப் 190 என்பது அதன் பெயர். அதனை அமைத்தவர் குர்ட் டாங்க். இப்பெயரை வாசகர் மனத்திற் கொள்க, மீண்டும் வரும். அது ஸ்பிட்பையரின் ஐந்தாம் வகையைப் பெரும்பாலான உயரங்களில் வேகத்தாலும் புரளுந்திறத்தாலும் வென்றது. ஆங்கிலேய விமானிகள் பலர் மாண்டனர். இதில் இஞ்சின் சுற்றுவேகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்தும் பொருட்டு விமானிகள் சுற்றுவேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் பறந்து செல்வது வழக்கம். சிக்கனத்துக்கு அது நல்ல வழியே. ஆனால் துருத்தி இஞ்சினோடு பற்சக்கரத்தாற் பிணைந்திருப்பதால், 3,000 சுற்றை 2,000 ஆகக் குறைத்தவுடன் துருத்தியின் வேகமும் மூன்றில் இரண்டாகிறது. அது தரும் அழுத்தமோ, வர்க்கக் கணக்கின்படி, ஒன்பதில் நான்கு பங்காய் விழுகிறது. பகைவன் மேலிருந்து பாயும் அச்சமயத்தில் மெல்லச் செல்லும் விமானம் மீண்டும் முழு வேகத்தை எட்டுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். அச்சிறிது நேரத்துக்குள் உயிர் போயிற்று. பகைவர் எல்லையில் வேகமாகவே பறக்கவேண்டுமென்று 1942இல் விமானிகளுக்கு அறிவுறுத்தினர். பெட்ரோல் போனாற் போகட்டும் என்பதே அதன் கருத்து.

பரிகாரம் முன்னமே டெர்பியில் உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் வேறொரு காரியத்துக்காக. மிக உயரத்திற் பறக்கும் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கு ஓர் இஞ்சின் வேண்டுமென்று சர்க்கார் கேட்டிருந்தனர். புகையாற் சுழலும் துருத்தியை வைக்கலாமா என்று முதலில் ஆலோசித்தனர். ஹூக்கர் அதற்குப் பதிலாக, துருத்திச் சக்கரங்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, முதற் சக்கரம் அமுக்கிய காற்றை இரண்டாவது மேலும் அமுக்கும்படி செய்யலாம் என்றார். வல்ச்சர் என்னும் பெரிய இஞ்சினின் துருத்தியை முதற்படியாகவும், மெர்லினுடையதை இரண்டாம் படியாகவும் கொண்டு சோதித்தனர். இருமுறை அமுக்கிய காற்றின் வெப்பத்தைத் தணிக்க, சிலிண்டருக்குள் புகுமுன் அதனை நீராற் குளிரச் செய்யும் பெட்டி ஒன்றும் சேர்ந்தது. வேலை இரண்டு சக்கரங்களுக்குப் பகிர்ந்துவிட்டமையால் அவற்றை மட்டுமீறிச் சுழற்றவேண்டிய அவசியம் இல்லாது போயிற்று. மெர்லின் 61இல் பெருக்கங்கள் 6.39, 8.03 மடங்குகளே. வேகம் குறைந்தும் பயன் மிகுந்தது!

இவ்விஞ்சினை ஸ்பிட்பையரில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் ஹைவ்ஸ். ஒரு தலைவனின் தகுதி இத்தகைய கேள்வியிலேதான் விளங்குகிறது என்பது நம் கருத்து. ஸ்பிட்பையரின் மூக்கு சிறிது நீண்டது. நான்கு அலகுள்ள புரொபெல்லர் பொருத்தினர். இவ்வாறு உண்டான ஒன்பதாம் வகை ஸ்பிட்பையர் 1942 ஜூலையில் 64ஆவது அணியிற் போருக்குச் சென்றது. 30,000 அடி உயரத்தில் பழைய வகையினும் சுமார் 300 குதிரைச் சக்தி அதிகம். மணிக்கு ஏறக்குறைய 70 மைல் வேகமும் அதிகம். தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு சொற்பம். எது வருகிறதென்று தூரத்திலிருந்து அறியமாட்டாமல் ஜெர்மானியர் திகைத்தனர். அமெரிக்க மஸ்டாங் விமானமும் இவ்விஞ்சினை ஏற்று, 1942 அக்டோபரில் முதன்முறை பறந்தது. உயரத்தில் இளைத்துவந்த அவ்விமானம் பின்பு குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாய் ஜெர்மனியின் உள்நாடுவரை சென்று மீண்டது.

பற்சக்கரத்தின் கதை அதனோடு முடியவில்லை. மெர்லின் 61 தன் உயர்ந்த பெருக்கத்தில் சுமார் 23,500 அடியில் 1,390 குதிரைச் சக்தி தந்தது. போர்களோ பெரும்பாலும் அதற்குத் தாழ்வாகவே நிகழ்ந்தன. எனவே மெர்லின் 66 என்னும் வகையில் பெருக்கங்களை 5.79, 7.06 என்று குறைத்தனர். துருத்தி மெல்லச் சுழன்றது. அதற்குச் செலவான வலிமை மிஞ்சியது. காற்றின் சூடும் தணிந்தது. 16,000 அடியில் 1,580, 5,750 அடியில் 1,705 குதிரைச் சக்தி என்று பலன் கண்டது. அதே இஞ்சின், அதே 3,000 சுற்று. மாறியவை சில பற்களின் எண்ணிக்கையே. இவ்வகை இஞ்சினைத் தாங்கிய எட்டாம் வகை ஸ்பிட்பையர்கள் 1944இல் அரக்கான், இம்பால் பகுதிகளில் ஜப்பானியரை எதிர்த்தன. நம் ஆகாயப்படையின் 8ஆவது அணியும் அவ்வகையைப் பெற்றது.

இதற்குள் ஹூக்கர் வேறு துறைக்குப் போய்விட்டார். பிராங்க் விட்டில் என்பவர் புரொபெல்லர் இல்லாத ஜெட் இஞ்சினை அமைக்கப் போராடி வந்தார். அதிலும் உயிரான பகுதி காற்றை அமுக்கும் சக்கரமே. ஆகையால் ஹூக்கருக்கு அதன் மருமம் உடனே விளங்கிற்று. ஹைவ்ஸை அழைத்துச் சென்று காட்டினார். 1943 முதல் பார்னோல்ட்ஸ்விக் தொழிற்சாலையில் அவரே தலைமை இஞ்சினீயராக இருந்து வெல்லண்ட், டெர்வெண்ட், நீன் என்னும் ஜெட் இஞ்சின்களை உருவாக்கினார். 1944 ஜூலையில் மீடியார் விமானம் வெல்லண்ட் இஞ்சினோடு போர்முகம் சென்றது. பின்பு ஹைவ்ஸோடு மனவேற்றுமை உண்டாகவே, 1949இல் பிரிஸ்டல் கம்பெனிக்கு மாறினார். பழம் நண்பர் இருவரும் பல ஆண்டு பேசாதிருந்தனர் என்று அறிகிறோம். அங்கே அவர் பட்ட இடர்களும், பின்னர் கண்ட வெற்றிகளும் தனியே எழுதத் தக்கவை. காங்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ், நின்றபடியே மேலெழும் ஹாரியர் விமானத்தின் பெகாஸஸ் ஆகியவை அவர் காலத்தில் அங்கு உருவானவை. நம் கடற்படையின் ஸீ ஹாரியர்கள் 1983 முதல் 2016 வரை பெகாஸஸைக் கொண்டே பறந்தன.

நமக்கு மிக அண்மையிலுள்ள செய்தி ஆர்பியஸ் என்னும் சிறிய இஞ்சினைப் பற்றியது. நாட் என்னும் இலேசான போர்விமானத்துக்காக ஹூக்கர் அதனை எளிய முறையில் அமைத்தார். பாரத சர்க்கார் அவ்விமானத்தை ஏற்றுக்கொண்டு, பெங்களூரிலேயே ஆர்பியஸ் இஞ்சினைச் செய்ய ஒரு தொழிற்சாலையும் நிறுவினர். அதே காலத்தில், நம் நாட்டிலேயே ஒரு போர்விமானத்தை அமைக்கும்பொருட்டுப் பெங்களூருக்கு அழைக்கப்பட்டவர் குர்ட் டாங்க்! 1942இல் எவருடைய விமானத்தை வெல்ல ஹூக்கர் துருத்தி செய்தாரோ, அவர் வரைந்த மருத் என்னும் விமானத்தில், ஹூக்கரின் ஆர்பியஸ் இஞ்சின்கள் இரண்டு பொருந்தின. 1961 ஜூன் 17ஆம் தேதி அது பெங்களூர் வானில் முதன்முறை எழுந்தது.

ஆயினும் மருத்துக்கு நேர்ந்த குறையும் இஞ்சினாலேயே நேர்ந்தது. ஒலியினும் விரைந்து செல்லுமாறு டாங்க் அதன் உடலை வரைந்தார். அதற்கென நினைத்தது ஆர்பியஸ் 12 என்னும் வலிய வகை. பிரிட்டிஷார் அவ்வகையை முடிக்காமற் கைவிட்டனர். மிஞ்சிய செலவை ஏற்க நம் சர்க்காரும் முன்வரவில்லை. சிறிய ஆர்பியஸோடேயே மருத் பறந்தது. சமதளப் பறப்பில் ஒலியின் வேகத்தை அது எட்டவில்லை. 1971 டிஸெம்பர் யுத்தத்தில் ராஜஸ்தானப் பாலைவனத்தில் அது தாழப் பறந்து நன்கு பணியாற்றியது உண்மையே. எனினும் ஸ்பிட்பையருக்குத் தக்க தருணத்தில் கிடைத்த ஹூக்கரும் ஹைவ்ஸும் போன்ற துணை மருத்துக்குக் கிடைக்கவில்லை என்று நினைக்குந்தோறும் நம் மனம் வருந்துகிறது. நல்லுடல் ஒன்று மூச்சுக்காகக் காத்திருந்து, காத்திருந்தபடியே முதுமையடைந்தது. 1990இல் அவ்விமானம் படையிலிருந்து நீங்கியது. பெங்களூர் விசுவேசுவரய்யா காட்சிசாலைக்குச் செல்லும் மாணவர் அங்கு வைத்துள்ள மருத் ஒன்றைக் காணலாம்.

ஹூக்கர் 1967இல் முழுநேர உத்தியோகத்தினின்று விலகினார். 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி திவாலாயிற்று. ஆர்பி 211 என்னும் பெரிய இஞ்சினை முடிக்க இயலாமையே அதன் முக்கிய காரணம். அறுபத்துமூன்று வயதான ஹூக்கரைத் திரும்ப அழைத்தனர். அவர் டெர்பிக்கே சென்று, தம்மைப் போல் ஓய்வு பெற்றிருந்த பழைய தோழர் சிலரையும் வரவழைத்து, அவ்விஞ்சினைச் சீர்திருத்தி முடித்தார். 1974இல் அவருக்கு ஸர் பட்டம் வழங்கினர். 1984ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி, எழுபத்தாறாம் வயதில், அவர் காலமானார். அவருடைய சுயசரிதம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.